பூத்தில் உட்காரப் போகிறீர்களா? முதலில் நம்பரை எழுதுங்கள்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் தோற்ற கட்சிக்காரர், "மெஷின்ல ஏதோ பண்ணிட்டாங்க" என்பார். ஜெயித்தவர், "தோத்தா மெஷின் மேல பழி போடுவியா?" என்பார். அடுத்த தேர்தலில் முடிவு மாறினால் பேச்சும் ஆள் மாறும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுக்க மெஷினுக்கு மாறிய 2001-லிருந்து தண்டையார்பேட்டையில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரிடமும் நான் கேட்பது ஒரே கேள்விதான். உங்கள் பூத்தில் இருந்த கன்ட்ரோல் யூனிட்டின், அதாவது ஓட்டு பதிவாகும் பெட்டியின், நம்பர் என்ன? பெரும்பாலும் பதில் வராது.

அந்தப் பதில் கையில் இல்லாதவரை சந்தேகமும் வெறும் பேச்சு, நம்பிக்கையும் வெறும் பேச்சு. வரும் தேர்தலில் பூத் ஏஜென்டாக உட்காரப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எந்தச் சின்னத்துக்காக உட்கார்ந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அதனால் நான் எந்தக் கட்சி என்று இங்கே சொல்லவில்லை.

எனக்குப் பிழைப்பு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில். டேலி கிளார்க். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும், அதன் கதவில் பூட்டியிருக்கும் போல்ட் சீலின் நம்பரையும் பேப்பரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பது என்ன சரக்கு என்று நான் பார்த்ததில்லை, திறக்க எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் சீல் நம்பரில் ஒரு எண் மாறியிருந்தாலும் அந்த வண்டி அங்கேயே நிற்கும். பூத் ஏஜென்டின் நிலைமையும் இதுதான். மெஷினுக்குள் இருக்கும் சிப் நம் கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் நம்பர், சீல், தாள், கையெழுத்து அத்தனையும் தெரியும். பார்ப்பதற்கு விதியிலேயே நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

சீல் மேல் ஏன் இவ்வளவு அக்கறை

2010-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த இன்ஜினியர் ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரிப் ஆகியோர் நம் நாட்டு மெஷின் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு விஷயங்களைச் செய்து காட்டினார்கள். கன்ட்ரோல் யூனிட்டின் டிஸ்பிளே பலகையை எடுத்துவிட்டு அதே மாதிரி தெரியும் வேறொன்றைப் பொருத்தினால், எண்ணும் நாளில் பொய்க் கணக்கைக் காட்ட வைக்கலாம். இன்னொன்று, மெமரி சிப்பின் மேல் ஒரு சின்னக் கருவியைக் கிளிப் மாதிரி மாட்டி, பதிவான ஓட்டுகளையே மாற்றலாம். எங்கள் பாதுகாப்பு நடைமுறைக்குள் இது நடக்காது என்பது தேர்தல் ஆணையத்தின் பதில். இப்போது பயன்படும் எம்3 வகை மெஷினைத் திறக்க முயன்றால் அது செயலிழந்துவிடும் என்றும் ஆணையம் சொல்கிறது.

இதில் யார் சொல்வது சரி என்பதை பூத்தில் உட்கார்ந்து நம்மால் தீர்க்க முடியாது. ஆனால் கவனியுங்கள், அவர்கள் காட்டிய இரண்டு வழிக்கும் யாராவது மெஷினைத் தனியாகக் கையில் எடுத்துத் திறந்தாக வேண்டும். ஆணையம் சொல்லும் பதிலும் யாரும் அப்படித் திறக்க முடியாது என்பதில்தான் நிற்கிறது. ஆக, இரண்டு தரப்பின் வாதமும் வந்து சேரும் இடம் சீல். அந்த சீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள். தெருவில் நின்றபடியே போனில் தட்டி ஓட்டை மாற்றுகிறார்கள் என்று வாட்ஸாப்பில் வருவதையெல்லாம் பரப்பிக்கொண்டிருந்தால், உண்மையில் பார்க்க வேண்டியதைப் பார்க்க ஆள் இருக்காது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3-ஆம் தேதி, அந்த நாட்டில் பயன்படுத்திய மெஷின்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அது சொன்ன காரணம். என் மனதுக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. நம் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-ஆம் தேதித் தீர்ப்பில், காகித ஓட்டுச்சீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையையும், போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபாட் பெட்டியின் சீட்டுகள் முழுவதையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையையும் ஏற்கவில்லை. சீட்டுகளை இன்னும் அதிகமாக எண்ண வேண்டும் என்று நான் தொடர்ந்து சொல்வேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும், சாதாரணக் குடிமகன் இன்றைக்கே சரிபார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. அதையும் நாம் விட்டுவிட்டால் எப்படி?

தேர்தலுக்கு முந்தைய வாரம்

இரண்டு காகிதம் வாங்கி வையுங்கள். ஒன்று படிவம் 10. வேட்பாளரோ அவருடைய தலைமை ஏஜென்டோ கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதம் அது. ஒரு பூத்துக்கு ஒரு ஏஜென்டும் மாற்று ஆளாக இரண்டு பேரும் இருக்கலாம், உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

இரண்டாவது காகிதத்தைத்தான் யாரும் கேட்டு வாங்குவதில்லை. எந்த பூத்துக்கு எந்த மெஷின் என்று கம்ப்யூட்டரில் குலுக்கி முடிவு செய்த பிறகு, அந்தப் பட்டியலை வேட்பாளர்களிடம் கொடுப்பார்கள். உங்கள் பூத்துக்கு வரப்போகும் கன்ட்ரோல் யூனிட், வாக்காளர் பட்டன் அழுத்தும் பேலட் யூனிட், விவிபாட் ஆகிய மூன்றின் நம்பரும் அதில் இருக்கும். வட்டச் செயலாளர் வீட்டு மேஜை டிராயரில் அது தூங்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் பயனில்லை. போய்க் கேளுங்கள். உங்கள் பூத் வரும் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டால் போதும்.

உள்ளே போனுக்கு அனுமதி இல்லை. போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். கோடு போட்ட நோட்டு, இரண்டு பேனா, வாக்காளர் பட்டியல், சாப்பாடு, தண்ணீர். இவ்வளவுதான் பை.

காலை ஐந்தரை மணி

ஓட்டுப்பதிவு ஏழு மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு, அதாவது மாக் போல், ஐந்தரைக்கு. ஏஜென்ட் வரவில்லையென்றால் பதினைந்து நிமிடம் காத்திருப்பார்கள். அப்புறம் நீங்கள் இல்லாமலேயே நடத்திவிடுவார்கள், அதற்கு விதியும் இருக்கிறது. அந்த நாளில் ஏஜென்ட் செய்யும் முக்கியமான வேலையில் பெரும்பகுதி இந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஆறரைக்கு டிபன் முடித்துவிட்டு மெதுவாக வந்து நாற்காலியில் உட்காருகிறவர், மெஷினைப் பற்றி அப்புறம் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நம்ம பக்கத்து ஜனங்களுக்கு அதிகாலையில் எழுவது ஒன்றும் புதிதில்லை. காசிமேட்டில் அந்த நேரத்துக்கு பாதி வியாபாரம் முடிந்திருக்கும்.

பெட்டியிலிருந்து மெஷினை வெளியே எடுத்ததும் மூன்றின் நம்பரையும் உங்கள் ஜெராக்ஸோடு ஒத்துப் பாருங்கள். நோட்டிலும் எழுதுங்கள். விவிபாட் பின்பக்கத்தில் ஒரு திருகு இருக்கும், அது நேராக நிற்க வேண்டும். படுத்திருந்தால் இன்னும் பயணத்துக்கான பூட்டிலேயே இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே சுவிட்ச் போட்டால் கோளாறு காட்டும். ஓட்டுப்போடும் மறைப்பு ஜன்னலை ஒட்டியோ நேர் பல்புக்குக் கீழோ இருந்தால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். விவிபாட்டுக்குள் இருக்கும் சென்சாருக்கு அதிக வெளிச்சம் ஆகாது. நம்ம ஏரியாவில் பள்ளிக்கூட வகுப்பறைகளில் கிழக்குப் பார்த்த ஜன்னல் நிறைய. எட்டு மணி வெயில் நேராக உள்ளே வரும்.

தொடங்கும் முன்பு எல்லா வேட்பாளருக்கும் பூஜ்யம் என்று கன்ட்ரோல் யூனிட்டில் காட்டுவார்கள். விவிபாட்டின் சீட்டுப் பெட்டியைத் திறந்து காலியாக இருப்பதையும் காட்டுவார்கள். எட்டிப் பாருங்கள், எழுந்து போய்ப் பாருங்கள். கூச்சம் வேண்டாம்.

இனி ஓட்டு. குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும். நோட்டா உட்பட எல்லாப் பட்டனுக்கும் ஓட்டு விழ வேண்டும். ஆர்.கே.நகரில் 2017 டிசம்பர் 21-ஆம் தேதி நடந்த இடைத்தேர்தலில் 59 வேட்பாளர்கள், நோட்டாவோடு 60 பட்டன். நாலு பேலட் யூனிட்டை வரிசையாக வைத்திருந்தார்கள். அப்படி வந்தால் 50 எப்படிப் போதும்? எல்லாப் பட்டனும் ஒரு தடவையாவது அழுத்தப்படுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. நேரத்தை மிச்சப்படுத்த ஒவ்வொரு பட்டனுக்கும் ஐந்தைந்து ஓட்டு என்று சமமாகப் போட்டுவிடுகிறார்கள். எல்லோருக்கும் ஐந்து போட்டு எல்லோருக்கும் ஐந்து வந்தால் என்ன தெரிந்தது? மூன்றாம் பட்டனின் ஓட்டு நான்காமவருக்கும், நான்காம் பட்டனின் ஓட்டு மூன்றாமவருக்கும் மாறி விழுந்திருந்தாலும் கணக்கு ஐந்து, ஐந்து என்றுதான் வரும். எனவே எண்ணிக்கையை வேறுபடுத்துங்கள். முதல் பட்டனுக்கு 7, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 9, நான்காவதுக்கு 4 என்று. வரிசையாகவும் போடாதீர்கள், கலந்து போடுங்கள். மற்றக் கட்சி ஏஜென்டுகளிடம் முன்கூட்டியே பேசிவைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள், ஏனென்றால் இது எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்பு. நோட்டில் வேட்பாளர் பெயருக்கு நேராகக் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். நாலு நேர்க்கோடு, ஐந்தாவதுக்கு ஒரு குறுக்குக் கோடு. யார்டில் மூட்டை எண்ணுவது போலத்தான்.

முடிந்ததும் குளோஸ் அழுத்தி, ரிசல்ட் அழுத்துவார்கள். மெஷின் காட்டும் எண், விவிபாட் பெட்டியிலிருந்து எடுத்து எண்ணிய சீட்டு, உங்கள் நோட்டில் இருக்கும் கோடு. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், பூத்தின் பொறுப்பில் இருக்கும் தலைமை அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் கிளியர். இந்த ஒரு பட்டனை அவசரத்தில் மறந்துவிட்டால் மாதிரி ஓட்டும் நிஜ ஓட்டும் ஒன்றாகக் கலந்துவிடும். எண்ணும் நாளில் அந்த மெஷினை ஓரமாக எடுத்து வைப்பார்கள். இப்படி ஒதுக்கிய பூத்களின் மொத்த ஓட்டைவிட வெற்றி வித்தியாசம் அதிகமாக இருந்தால், அவற்றை எண்ணாமலேயே முடிவை அறிவித்துவிடலாம் என்றுதான் 2024 தேர்தல் வரை இருந்தது. ஆயிரம் பேர் வரிசையில் நின்று போட்ட ஓட்டு, ஒரு பட்டனால் ஒதுக்கப்படுகிற நிலை அது. கிளியர் அழுத்தியதும், "சார், டோட்டல் அழுத்திக் காட்டுங்க" என்று கேளுங்கள். பூஜ்யம் வரும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே மாக் போல் சான்றிதழில் கையெழுத்துப் போடுங்கள். மாதிரிச் சீட்டுகளின் பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறைக்குள் வைத்து சீல் போடுவார்கள். சீட்டுப் பெட்டி மறுபடி காலியாகிவிட்டதா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

கடைசியாக பச்சைத் தாள் சீல். கன்ட்ரோல் யூனிட்டில் ரிசல்ட் பட்டன் இருக்கும் பகுதியின் உள்மூடியில் இதைப் பொருத்துவார்கள். ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் வெள்ளை, அச்சடித்த வரிசை எண் இருக்கும். வெள்ளைப் பக்கத்தில் தலைமை அலுவலர் கையெழுத்துப் போடுவார், ஏஜென்டுகளும் போடலாம். போடுங்கள். சின்னதாகச் சுழிக்காமல், எண்ணும் நாளில் உங்கள் ஆள் பார்த்ததும் அடையாளம் காணும்படி முழுக் கையெழுத்தாக. மூடியை மூடியதும் தாளின் இரு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தாளைக் கிழிக்காமல் அந்த மூடியைத் திறக்க முடியாது. அதற்கு மேல் ஸ்பெஷல் டேக், வெளியே சுற்றிவரும் பட்டை சீல். ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதுங்கள்.

பகல் முழுக்க

ஓட்டுப்பதிவு தொடங்கிய பிறகு வேலை மெதுவாகத்தான் போகும். 2024 ஏப்ரல் 19-ஆம் தேதித் தேர்தல் மீன்பிடித் தடைக்காலத்தில் வந்ததால், கடலுக்குப் போகிற ஆட்களும் காலையிலேயே வரிசைக்கு வந்துவிட்டார்கள். மற்ற நேரத்தில் மதியத்துக்கு மேல்தான் கூட்டம் சேரும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தலைமை அலுவலர் டோட்டல் பட்டனை அழுத்தி, 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களின் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்ப்பார். அந்த எண்ணை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். திடீரென்று ஒரு மணி நேரத்தில் வழக்கத்துக்கு மேல் ஏறியிருந்தால் உங்கள் நோட்டே சொல்லிவிடும்.

மெஷின் பழுதானால் எதை மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். விவிபாட் மட்டும் பழுது என்றால் அதை மட்டும் மாற்றலாம். கன்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ பழுதென்றால் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். புதிய மெஷினில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு ஓட்டு வீதம் மறுபடி மாக் போல் நடத்த வேண்டும். பழைய கன்ட்ரோல் யூனிட்டில் அதுவரை விழுந்த ஓட்டு அப்படியே இருக்கும், அதையும் எண்ணுவார்கள். எத்தனை மணிக்கு மாற்றினார்கள், பழையதில் எத்தனை ஓட்டு, புதியதன் நம்பர் என்ன என்று மூன்றையும் எழுதாமல் விடாதீர்கள்.

வாக்காளர்களுக்குச் சொல்ல வேண்டியதை முந்தைய நாட்களில் வீடு வீடாகப் போகும்போதே சொல்லிவிடுங்கள், பூத்துக்குள் பேசக் கூடாது. எங்கள் தெருவில் நான் சொல்வது இப்படி: "ஆயா, பட்டனை அழுத்திட்டு உடனே திரும்பிடாதே. பக்கத்துப் பெட்டியில கண்ணாடி இருக்கும். அதுல நீ போட்ட சின்னம் தெரியுதா பாரு, அப்புறம் வா." சீட்டு ஏழு வினாடி தெரியும். வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் இருக்கும். பிறகு அறுந்து கீழே விழுந்துவிடும். அந்த ஏழு வினாடியில் வாக்காளர் பார்க்காவிட்டால் அவர் சார்பில் வேறு யாரும் பார்க்க முடியாது.

சின்னம் மாறித் தெரிந்தது என்று ஒருவர் சொன்னால், அதற்கு 49எம்ஏ என்று ஒரு விதியே இருக்கிறது. ஆனால் அவர் பூத்தை விட்டுப் போகும் முன், தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டும். வெளியே வந்து டீக்கடையில் சொன்னால் ஒன்றும் நடக்காது. அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஏஜென்டுகள் முன்னிலையில் ஒரு சோதனை ஓட்டுப் போட வைப்பார்கள். சொன்னது உண்மையென்றால் அந்த மெஷினில் ஓட்டுப்பதிவு நிற்கும். பொய்யென்றால் சட்டப்படி தண்டனை உண்டு, அதையும் முதலிலேயே எச்சரிப்பார்கள். புகார் சொன்னால் சிறை என்ற இந்த ஏற்பாடு பயந்த சுபாவமுள்ளவர்களை வாயடைக்க வைத்துவிடும் என்பது என் கருத்து. வேண்டுமென்றே பொய் சொல்கிறவரையும் உண்மையாகவே தவறாகப் பார்த்தவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இருந்தாலும் உறுதியாகப் பார்த்தவர் பயப்படத் தேவையில்லை. அந்தச் சோதனை ஓட்டு, பூத்தின் ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி படிவத்தில் தனியாகக் கழிக்கப்படுகிறதா என்று மாலையில் மறக்காமல் பாருங்கள்.

17சி இல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்

மாலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி டோக்கன் கொடுப்பார்கள். அவர்கள் எல்லோரும் போட்டு முடித்ததும் குளோஸ் பட்டன். அதற்குப் பிறகு ஒரு ஓட்டுக்கூடப் பதிவாகாது. மெஷின் மொத்த எண்ணிக்கையைக் காட்டும். எழுதுங்கள், நேரத்தையும் எழுதுங்கள்.

இப்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். ஊழியர்கள் முந்தைய நாளிலிருந்தே அந்த வகுப்பறையில் கிடக்கிறார்கள். ஏஜென்டுகளில் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான்: இருங்கள். படிவம் 17சி-யின் முதல் பாகத்தைத் தலைமை அலுவலர் நிரப்பி, அங்கே இருக்கும் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் ஒரு நகல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். தயவு பண்ணிக் கொடுப்பதில்லை, தேர்தல் நடத்தை விதி 49எஸ் அவருக்கு இட்ட கடமை.

ஒரு தேர்தலில் எனக்குக் கிடைத்த பதில், "லாரி வந்து நிக்குது, எல்லாருக்கும் எழுதிக்கிட்டிருக்க முடியாது. மொத்தத்தைச் சொல்றேன், குறிச்சிக்கோங்க." நான் சண்டை போடவில்லை. "சார், நானே நகல்ல நிரப்பித் தர்றேன், நீங்க சரிபார்த்துக் கையெழுத்து மட்டும் போடுங்க" என்றேன். மற்ற ஏஜென்டுகளும் ஆளுக்கொன்று நிரப்ப உட்கார்ந்தார்கள். சீக்கிரமே முடிந்துவிட்டது. நீங்களும் இதைச் செய்யலாம்.

நகலில் பார்க்க வேண்டியவை: மேலே கன்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட், விவிபாட் நம்பர்கள். காலையில் எழுதியவையேதானா? அடுத்து 17ஏ பதிவேட்டின்படி வந்தவர்கள் எத்தனை பேர். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போட மறுத்தவர்கள், ரகசியத்தை மீறியதால் அனுமதி மறுக்கப்பட்டவர்கள், சோதனை ஓட்டுகள். இவற்றைக் கழித்து வருவதும் மெஷினின் மொத்தமும் ஒன்றா? கடைசியில் தாள் சீல் கணக்கு. எத்தனை சீல் கொடுத்தார்கள், எதைப் பயன்படுத்தினார்கள், எது மிச்சம், எல்லாம் வரிசை எண்ணோடு இருக்கும். வெற்றாக விட்ட கட்டத்தில் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஒரு தாளுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு ஹரியானா கதை ஒன்று. பானிபட் மாவட்டம் புவானா லக்கு கிராமத்தில் 2022 நவம்பரில் ஊராட்சித் தலைவர் தேர்தல் நடந்தது. ஒரு பூத்தின் கணக்கை எழுதியதில் நேர்ந்த குழப்பத்தால் தோற்றவரே ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஆகஸ்டில் மெஷின்களை டெல்லிக்கே வரவழைத்து எண்ணினார்கள். 1,051-க்கு 1,000. ஜெயித்தவர் இரண்டே முக்கால் வருடம் கழித்துப் பதவிக்கு வந்தார். மெஷினுக்குள் ஓட்டு சரியாகத்தான் இருந்தது, பிசகியது அதை எடுத்து எழுதிய இடத்தில்.

லாரிக்குப் பின்னால்

சீல் வைத்த மெஷின்கள் ஸ்ட்ராங் ரூம் போகும்வரை பின்னாலேயே போக வேட்பாளர்களின் ஆட்களுக்கு அனுமதி உண்டு. ஒரு பகுதிக்கு இரண்டு பைக் போனால் போதும். 2021 ஏப்ரல் 6-ஆம் தேதி வேளச்சேரியில் மெஷின்களை ஸ்கூட்டரில் வைத்து எடுத்துப் போனதை மக்கள்தான் மடக்கிப் பிடித்தார்கள். அதிலிருந்த விவிபாட் ஒன்று அன்று காலை கொஞ்ச நேரம் பயன்படுத்தப்பட்டு 15 ஓட்டு பதிவானது என்று பின்னால் தெரிந்தது. 92-ஆம் எண் பூத்துக்கு ஏப்ரல் 17-ஆம் தேதி மறுவாக்குப்பதிவு நடந்தது. அந்தத் தெருவில் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் அது செய்தியாகவே வந்திருக்காது.

எண்ணும் நாள்

வடசென்னை மக்களவைத் தொகுதிக்கு ஓட்டு எண்ணுவது மெரினா ஓரம் ராணி மேரிக் கல்லூரியில். பூத்தில் உட்கார்ந்தவரே எண்ணிக்கை ஏஜென்டாகவும் போவது அபூர்வம். அதனால் உங்கள் நோட்டும் 17சி நகலும் அங்கே உட்காரும் ஆளின் கைக்கு முந்தைய இரவே போய்விட வேண்டும். பேனா, தாள், 17சி நகல் இவற்றை உள்ளே எடுத்துப்போகலாம்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மேஜைக்கு மெஷின் வந்ததும் சீலை உடைக்க விடாமல் முதலில் நம்பரைக் காட்டச் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் யூனிட் நம்பர், பச்சை சீல் எண், அதன் மேல் உங்கள் கையெழுத்து. பிறகு டோட்டல். அது 17சி-யோடு ஒத்துப்போன பிறகே ரிசல்ட் பட்டன்.

பேட்டரி 99 சதவீதம் காட்டுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். 2024 ஹரியானா தேர்தலில் இதுவே பெரிய புகாராக வந்தது. இந்த பேட்டரி போன் பேட்டரி மாதிரி சார்ஜ் ஏற்றுவதில்லை. மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கும்வரை 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும் என்று ஆணையம் விளக்கம் கொடுத்திருக்கிறது. எனக்குச் சந்தேகத்தைக் கொடுப்பது சீல் எண் மாறுவதுதான். பேட்டரி எண்ணில் சக்தியைச் செலவழித்தால் அதைக் கோட்டை விடுவோம்.

எல்லாச் சுற்றும் முடிந்ததும் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் 5 பூத்தைக் குலுக்கி எடுத்து விவிபாட் சீட்டை எண்ணுவார்கள். ஒன்றாக இருந்த இந்த எண்ணிக்கையை 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம்தான் ஐந்தாக்கியது. முடிவு தெரிந்துவிட்டதென்று ஜெயித்தவர்கள் பட்டாசுக்கும் தோற்றவர்கள் வீட்டுக்கும் கிளம்பும் நேரம் அது. அந்த மேஜையில் யாராவது உட்காருங்கள். மெஷின் கணக்கும் சீட்டுக் கணக்கும் மாறினால் சீட்டுக் கணக்குதான் செல்லும். இந்த ஐந்தில் வராத ஒரு பூத்தில் உங்களுக்கு ஆதாரத்தோடு சந்தேகம் இருந்தால், விதி 56டி-யின்படி அதன் சீட்டுகளையும் எண்ணச் சொல்லி வேட்பாளரோ ஏஜென்டோ தேர்தல் அதிகாரியிடம் எழுத்தில் கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில், ஆனால் காரணத்தை எழுதியாக வேண்டும். உங்கள் மனுவில் "மெஷின் மேல் நம்பிக்கை இல்லை" என்று இருப்பதற்கும், "இந்த பூத்தில் 17சி-யில் இந்த சீல் எண், இன்று மேஜைக்கு வந்தது இந்த சீல் எண்" என்று இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

முடிவுக்குப் பிறகும் இரண்டு வாசல் திறந்திருக்கும். 2024 தீர்ப்பின்படி, இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் ஏழு நாட்களுக்குள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சதவீத மெஷின்களைத் தயாரிப்பு நிறுவனத்து இன்ஜினியர்கள் சோதித்துக் காட்ட வேண்டும். எந்த பூத் மெஷின் என்று கேட்பவரே சொல்லலாம். கட்டணத்தை அவர் கட்ட வேண்டும், தவறு நிரூபணமானால் பணம் திரும்ப வரும். 2024-ல் வரியோடு சேர்த்து ஒரு செட்டுக்கு 47,200 ரூபாய் என்று வைத்தார்கள், சுயேச்சைகளுக்கு எட்டாத தொகை. இன்னொன்று உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு, அதற்கு 45 நாள். 2024 டிசம்பரில் விதி 93-ஐத் திருத்தி, பூத் கேமரா பதிவு போன்றவற்றைப் பொதுமக்கள் கேட்டு வாங்குவதைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். அதனால் உங்கள் பக்கம் இருக்கும் தாளுக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. 17சி நகல், நோட்டு, மெஷின் பட்டியல் ஜெராக்ஸ் மூன்றையும் ஒரே உறையில் போட்டு, மேலே பூத் எண்ணை எழுதி, அந்த 45 நாளும் முடியும்வரை வேட்பாளர் அலுவலகத்தில் ஒரு செட், உங்கள் வீட்டில் ஒரு செட் என்று வையுங்கள்.